ஜாவாவை அணைக்கச் சொல்கிறார்கள், டெண்டர் தளமோ ஜாவா கேட்கிறது. என்ன செய்யலாம்?

#1 குறிச்சிக்காரர் | 11 ஜனவரி 2013, இரவு 9.40

வணக்கம். இந்தப் பகுதிக்குப் படிக்க மட்டும் வருகிறவன் நான். இன்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

கோவையில் சின்ன அலுவலகம். ஒப்பந்தக்காரர்களுக்கு ஆன்லைனில் டெண்டர் போட்டுக் கொடுப்பது, கம்பெனிக் கணக்குத் தாக்கல், வருமான வரி, இவைதான் பிழைப்பு. கணினி இரண்டு, இரண்டிலும் விண்டோஸ் எக்ஸ்பி. டிஜிட்டல் கையொப்ப டோக்கனை யூஎஸ்பியில் செருகி, பின் நம்பர் அடித்துக் கையொப்பம் போட வேண்டும். அந்த இடத்தில் ஜாவா என்ற மென்பொருள் ஓடினால்தான் தளம் டோக்கனையே கண்டுகொள்ளும்.

மதியம் பையன் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, "அப்பா, அமெரிக்க அரசாங்கமே ஜாவாவை நிறுத்தச் சொல்லிவிட்டது, இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்கிறான். 18-ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு ஒரு சாலை வேலை டெண்டர் முடிகிறது. ஜாவாவை நான் எடுத்தால், பார்ட்டி என்னை எடுத்துவிடுவார்.

ஆபத்து உண்மையா, பையன் பயமுறுத்துகிறானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பச்சைமிளகாய் | 11 ஜனவரி, இரவு 9.52

அமெரிக்கா சொன்னது அமெரிக்காவுக்கு. நம்ம ஊரில் பதினாலு மணி நேரம் கரண்டே இல்லை, வைரஸ் எப்போது வந்து எப்போது ஓடுவது? நிம்மதியாகத் தூங்குங்கள்.

#3 கம்பிவலை | 11 ஜனவரி, இரவு 10.25

மிளகாய் சொல்வதைக் கேட்டுத் தூங்கிவிடாதீர்கள் அண்ணே. பையன் சொன்னது உண்மை.

நேற்று யூஎஸ்-செர்ட் எச்சரிக்கை விட்டது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிற அமைப்பு அது. ஜாவா 7-இல் இப்போதைய அப்டேட் 10 வரை ஓட்டை இருக்கிறது, ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் கம்பெனி இன்னும் அடைக்கவில்லை, அதுவரை பிரவுசரில் ஜாவாவை அணைத்து வையுங்கள் என்கிறார்கள். இந்த ஓட்டை ஆய்வகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்ததும் இல்லை. பிளாக்ஹோல், கூல் என்று கள்ளச்சந்தையில் வாடகைக்கு விடும் தாக்குதல் கிட்டுகள் உண்டு. அவற்றில் இது ஏற்கெனவே ஏறி ஓடிக்கொண்டிருந்ததை, கஃபீன் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் பார்த்துச் சொன்னார். திருடன் கையில் சாவி போன பிறகுதான் நமக்கே விஷயம் தெரிகிறது.

பிரவுசரில் ஓடும் ஜாவா ஆப்லெட் யாரோ எழுதிய நிரல். நீங்கள் பக்கத்தைத் திறந்த உடனே உங்கள் கணினிக்குள் வந்து ஓடும். அதனால் ஜாவா அதைத் திண்ணையோடு நிறுத்தி வைக்கிறது: உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், வீட்டுக்குள் வரக் கூடாது, பீரோவைத் தொடக் கூடாது. 1995 முதல் இதுதான் ஏற்பாடு. இப்போதைய ஓட்டையில், திண்ணையில் இருப்பவனே காவல்காரனைப் பணியிலிருந்து நிறுத்திவிட முடிகிறது. அதற்கப்புறம் அவன் உங்கள் ஆள் மாதிரிதான். எதையும் இறக்கலாம், எதையும் ஓட்டலாம். எந்தப் பட்டனையும் நீங்கள் அழுத்தியிருக்க வேண்டியதில்லை, பக்கம் திறந்தால் போதும்.

ஒன்று சொல்லுங்கள். உங்களிடம் இருப்பது ஜாவா எத்தனை? கண்ட்ரோல் பேனலில் ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ் திறந்து, ஜே எழுத்துக்குப் போய்ப் பாருங்கள்.

#4 ஓய்வூதியன் | 11 ஜனவரி, இரவு 11.05

கம்பிவலை அவர்கள் எழுதியதைப் படித்ததும் நான் உடனே பயர்பாக்ஸில் ஆப்ஷன்ஸ் போய் ஜாவாவை அணைத்துவிட்டேன். அதிலிருந்து ஜிமெயில் பழைய காலத்து ஜிமெயில் போல வெறும் எழுத்தாக வருகிறது. ரயில் டிக்கெட் தளத்தில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை. ஏற்கெனவே வைரஸ் வந்துவிட்டதா?

#5 அரைப்புள்ளி | 11 ஜனவரி, இரவு 11.12

அய்யா, நீங்கள் அணைத்தது ஜாவாஸ்கிரிப்ட். அது வேறு. கடலுக்கும் கடலைக்கும் என்ன உறவோ, ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் அதே உறவு. அந்த டிக்கைத் திரும்பப் போடுங்கள். பிறகு டூல்ஸ், ஆட்-ஆன்ஸ், அதில் பிளகின்ஸ். "ஜாவா (டிஎம்) பிளாட்ஃபார்ம்" என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் டிசேபிள். அதை அழுத்தினால் போதும். குரோம் வைத்திருப்பவர்கள் முகவரிப் பட்டையில் குரோம்://பிளகின்ஸ் என்று அடித்தால் இதே மாதிரி பட்டியல் வரும்.

நான் ஜாவாவில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். இரண்டு நாளாக ஆபீஸில் வருகிறவன் போகிறவனெல்லாம் "உங்க ஜாவா செத்துப்போச்சாமே" என்கிறான். சர்வரில் ஓடும் ஜாவாவுக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஓட்டை திண்ணையில், வீட்டில் இல்லை. ஓபன்ஆபீஸ், மைன்கிராஃப்ட் வைத்திருப்பவர்கள் ஜாவாவையே பிடுங்கி எறிய வேண்டாம், பிரவுசருக்குள் ஜாவாவை ஓட்டும் பிளகினை அணைத்தால் போதும். எடுப்பது வேறு, அணைப்பது வேறு.

#6 ஓய்வூதியன் | 11 ஜனவரி, இரவு 11.30

ஜிமெயில் வந்துவிட்டது. நன்றி தம்பி. கடலை என்றதும்தான் விளங்கியது.

#7 குறிச்சிக்காரர் | 12 ஜனவரி, காலை 10.15

காலையில் அலுவலகம் வந்ததும் பார்த்தேன். முதல் கணினியில் இருப்பவை: ஜாவா 6 அப்டேட் 3, ஜாவா 6 அப்டேட் 7, ஜாவா 6 அப்டேட் 24, ஜாவா 7 அப்டேட் 9. நான்கும் ஒரே கணினியில். இரண்டாவதில் 6 அப்டேட் 24 மட்டும்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் காப்பிக் கோப்பைப் படம் ஒன்று வந்து "அப்டேட் தயார்" என்று மஞ்சள் பலூன் காட்டும். சில மாதமாகப் பெருக்கல் குறியை அழுத்தி மூடிக்கொண்டிருக்கிறோம். காரணம் இருக்கிறது. போன வருடம் ஒருமுறை அப்டேட் செய்தோம், மறுநாள் ஒரு தளத்தில் டோக்கன் எடுக்கவில்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால், "ஜாவா 6-லேயே இருங்க சார், அப்டேட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். எந்தத் தளம் என்று இங்கே எழுதவில்லை, வயிற்றுப் பிழைப்பு.

#8 பச்சைமிளகாய் | 12 ஜனவரி, காலை 10.40

நானும் இப்போதுதான் படித்தேன். இந்த ஓட்டை ஜாவா 7-இல் மட்டும்தானாம், 6-இல் இல்லையாம். அண்ணன் 7-ஐத் தூக்கிவிட்டு 6-இல் இருந்துகொண்டால் கதை முடிந்தது. சோம்பேறித்தனமும் சில சமயம் பாதுகாப்புதான் பார்த்தீர்களா.

#9 கம்பிவலை | 12 ஜனவரி, மதியம் 12.50

பாதி சரி. இந்த ஓட்டை 6-இல் இல்லை. ஆனால் அண்ணனிடம் இருப்பது அப்டேட் 24. போன ஏப்ரலில் ஆப்பிள் மேக் கணினிகளை ஃபிளாஷ்பேக் என்ற தீய நிரல் பிடித்ததே, நினைவிருக்கிறதா? சுமார் 6 லட்சம் மேக். "மேக்குக்கு வைரஸ் வராது" என்று நம்பியவர்கள் எல்லாம். அது நுழைந்த ஓட்டையை ஆரக்கிள் பிப்ரவரியிலேயே அப்டேட் 31-இல் அடைத்துவிட்டது. ஆப்பிள் தன் பங்குக்கு அதை மேக்குக்குக் கொடுக்க ஏப்ரல் ஆயிற்று. நடுவில் கிடைத்த அந்த ஒன்றரை மாதம் திருடனுக்குப் போதுமாக இருந்தது. அப்டேட் 24-இல் அதே ஓட்டை இன்றுவரை திறந்தே கிடக்கிறது. அதற்கு ஒன்றரை மாதம், அண்ணனுடைய கணினிக்கு 11 மாதம்.

அதோடு, ஜாவா 6-க்கு இலவச அப்டேட் வருகிற பிப்ரவரியோடு நிற்கிறது. அதற்கப்புறம் 6-இல் இருப்பவருக்கு யாரும் ஒட்டுப் போட மாட்டார்கள்.

நான்கு ஜாவா வரிசையாக நிற்பது பற்றி: பழைய ஜாவாக்கள் புதியது வந்தால் இடத்தைக் காலி செய்யாது. வாடகைக்கு இருந்தவர் போன பிறகும் அவர் சாவி வேலை செய்கிற வீடு மாதிரி. 6 அப்டேட் 3, அப்டேட் 7 இரண்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவற்றைக் கேட்கும் தளம் எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

#10 தாமிரபரணி_நெட் | 12 ஜனவரி, மாலை 4.20

என் அனுபவம். நெல்லையில் பிரவுசிங் சென்டர், எட்டு சிஸ்டம். போன ஆகஸ்டில் இதே மாதிரி ஒரு ஓட்டை வெளியாகி, ஆரக்கிள் மாதக் கடைசியில் அவசரமாக அப்டேட் 7 விட்டதே, அப்போதே எட்டிலும் ஜாவாவை அணைத்துவிட்டேன். இந்த ஐந்து மாதத்தில் "ஜாவா இல்லையா அண்ணே" என்று கேட்டவர்கள் மூன்றே பேர். ஒருவர் ஆன்லைனில் சதுரங்கம் ஆடுகிறவர். ஒரு கல்லூரிப் பையன், ஏதோ இயற்பியல் பாடத்தில் ஊசல் ஆடுவதைக் காட்டும் பக்கம் வேண்டும் என்றான். மூன்றாவது ஆள் உங்களைப் போல டோக்கனோடு வந்த ஒப்பந்தக்காரர். அவரை என் சொந்த லேப்டாப்பில் உட்கார வைத்து முடித்துக் கொடுத்தேன்.

பயன்படுத்தும்போது தெரியாது, அணைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்று தெரிகிறது. ஃபிளாஷ் அப்படி இல்லை. ஒருநாள் அணைத்தேன், யூடியூப் வரவில்லை என்று அடிக்கவே வந்துவிட்டார்கள்.

#11 வடதுருவத்தான் | 12 ஜனவரி, மாலை 6.05

அண்ணைமார், ஒஸ்லோவில் இருந்து எழுதுகிறேன். "அரசாங்கம் அணைக்கச் சொல்லுது, அணைத்துவிடு" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. நோர்வேயில் வங்கிக்குள் நுழைய நாங்கள் பாவிக்கிறது பேங்க்ஐடி. அது ஜாவா ஆப்லெட்டில்தான் ஓடுகிறது. அணைத்தால் வீட்டு வாடகை கூடக் கட்ட ஏலாது. டென்மார்க்கில் நெம்ஐடியும் அப்படித்தான். ஒரு நாட்டில் பொழுதுபோக்குப் பக்கங்களுக்கு மட்டும் தேவைப்படுகிற சாமான், இங்கே மக்கள் தொகை முழுவதும் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய சாமான். கள்ளனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

என் நண்பர் ஒருவரின் கணினி போன வருடம் அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டது. திரை முழுக்கப் பொலிஸ் சின்னம், நீ சட்டவிரோதப் படம் பார்த்தாய், தண்டப்பணம் கட்டு என்று ஒரு அறிவித்தல், காசு கட்ட ப்ரீபெய்ட் வவுச்சர் எண் கேட்கும் பெட்டி. மனுசன் பயந்து மனைவியிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் இருந்தார். எந்தத் தளத்துக்குப் போனார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துப்புரவாக்கித் தரப் போனபோது பார்த்தேன், ஜாவா ஒன்றரை வருடப் பழசு. இப்போது சொல்லும் கூல் கிட் வழியாகத்தான் இப்படியான பொலிஸ் பூட்டுகள் அதிகம் வருகிறதாம்.

#12 பச்சைமிளகாய் | 12 ஜனவரி, மாலை 6.30

நான் அந்த மாதிரி தளமெல்லாம் போவதில்லை. செய்தி, கிரிக்கெட், சமையல். ஆன்டிவைரஸும் இருக்கிறது. என்னை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

#13 கம்பிவலை | 12 ஜனவரி, இரவு 8.15

சமையல் தளம் நல்ல தளம்தான். அதில் விளம்பரம் ஓடுகிறதா? அந்த விளம்பரம் சமையல்காரரிடமிருந்து வருவதில்லை, எங்கோ ஒரு விளம்பர நிறுவனம் யாரோ காசு கொடுத்தால் போட்டுவிடுகிறது. இல்லையென்றால் சமையல்காரர் தன் தளத்தின் பாஸ்வேர்டை எங்கோ தொலைத்திருப்பார், பக்கத்தின் கடைசியில் ஒரு புள்ளி அளவு கட்டத்தை யாரோ செருகியிருப்பார்கள். நீங்கள் வத்தக்குழம்பு படித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டம் வேறொரு சர்வரைக் கூப்பிடும். அந்த சர்வர் முதலில் பார்ப்பது உங்கள் ஜாவா எத்தனை, ஃபிளாஷ் எத்தனை, அடோபி ரீடர் எத்தனை என்றுதான். எது பழசோ அதற்கேற்ற சாவியை அனுப்பும். மொத்தமும் சில விநாடி. திரையில் ஒன்றும் தெரியாது.

ஆன்டிவைரஸ் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். ஆனால் கிட்டை வாடகைக்கு எடுத்தவன் தன் கோப்பை அடிக்கடி உருமாற்றிக்கொண்டே இருப்பான். ஆன்டிவைரஸ் நேற்றைய முகத்தை வைத்துக்கொண்டு இன்றைய ஆளைத் தேடும்.

பயர்பாக்ஸ்காரர்கள் நேற்றிலிருந்து இந்த ஜாவா தானாக ஓடாமல், சொடுக்கினால் மட்டும் ஓடும்படி மாற்றிவிட்டார்கள். ஆப்பிள் இன்னும் ஒரு படி மேலே. மேக்கின் தடைப்பட்டியலில், இன்னும் வெளியே வராத ஒரு பதிப்பு இருந்தால்தான் ஜாவா ஓடும் என்று எழுதிவிட்டார்கள். மாப்பிள்ளை பிறந்த பிறகு கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. செய்தது சரிதான் என்று எனக்குப் படுகிறது.

#14 குறிச்சிக்காரர் | 13 ஜனவரி, காலை 8.20

போகிக்குப் பழைய ஜாவா இரண்டை எரித்தாயிற்று. 6 அப்டேட் 3, அப்டேட் 7. வீட்டம்மா பழைய பாயை எடுத்து வெளியே போட்ட அதே நேரத்தில் நான் இதை எடுத்தேன்.

மீதிக்கு வழி சொல்லுங்கள். டெண்டர் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் (ஐ.ஈ) மட்டும்தான் ஓடுகிறது. ஐ.ஈ-யில் ஜாவா வேண்டும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் மெயில் பார்ப்பது, பேப்பர் படிப்பது எல்லாம் அதே ஐ.ஈ-யில்தான்.

#15 அரைப்புள்ளி | 13 ஜனவரி, காலை 9.45

அப்டேட் 10-இல் ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. ஜாவா கண்ட்ரோல் பேனலில் செக்யூரிட்டி பக்கத்தில் "பிரவுசரில் ஜாவாவை அனுமதி" என்று ஒரு டிக். டெண்டர் அன்று போடுங்கள், முடிந்ததும் எடுங்கள். இதைவிட எளிதாக என்ன இருக்கிறது?

#16 தாமிரபரணி_நெட் | 13 ஜனவரி, காலை 10.10

தம்பி, ஆபீஸ் நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டரை மணிக்குப் பார்ட்டி வந்து தலைக்கு மேல் நிற்பார். அவசரத்தில் டிக்கைப் போடுவார்கள். முடிந்ததும் டீ குடிக்கப் போவார்கள். எடுக்க மறப்பார்கள். நானே மறந்திருக்கிறேன். நினைவு வைத்துச் செய்ய வேண்டிய எதுவும் கடையில் ஒரு வாரம் தாண்டாது.

#17 கம்பிவலை | 13 ஜனவரி, காலை 11.30

தாமிரபரணி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். அந்த டிக் எல்லா பிரவுசருக்கும் ஒரே சுவிட்ச். ஜாவா தேவையே இல்லாத வீட்டுக் கணினிக்கு அது நல்லது. ஐ.ஈ-யில் ஆட்-ஆன் பட்டியலில் மட்டும் அணைத்தால் முழுசாக அணைவதில்லை, அதனால் ஐ.ஈ பழக்கக்காரர்கள் இந்த டிக்கைத்தான் எடுக்க வேண்டும். அண்ணனுக்கு அது ஒத்துவராது.

அண்ணே, பிரவுசரையே பிரித்துவிடுங்கள். சரியாக அணைக்க முடியாத ஐ.ஈ-யே டெண்டருக்கு இருக்கட்டும். அதன் முகப்புப் பக்கமாக டெண்டர் தளத்தையே வையுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் நீல "இ" ஐகானின் பெயரை மாற்றி "டெண்டர் மட்டும்" என்று போடுங்கள். மெயில், பேப்பர், கூகுள், மற்ற எல்லாவற்றுக்கும் பயர்பாக்ஸ். அதில் ஜாவா பிளகின் டிசேபிள். முக்கியமாக பயர்பாக்ஸை டீஃபால்ட் பிரவுசர் ஆக்குங்கள். மெயிலில் வருகிற இணைப்பைச் சொடுக்கினால் அது ஐ.ஈ-யில் போய்த் திறக்கக் கூடாது. ஆபத்து பெரும்பாலும் வருவது அந்த வழியாகத்தான்.

இது முழுப் பாதுகாப்பு இல்லை. டெண்டர் தளத்திலேயே யாராவது கை வைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மாதத்தில் எத்தனை மணி நேரம் அந்தத் தளத்தில் இருக்கிறீர்கள்? ஆறா, எட்டா? மீதி நேரம் முழுக்க ஜாவா கதவு சும்மாதானே திறந்து கிடக்கிறது.

#18 வடதுருவத்தான் | 13 ஜனவரி, மதியம் 2.00

நாங்களும் இதைத்தான் செய்கிறோம் அண்ணை. வங்கிக்கு ஒரு உலாவி, மற்றதுக்கு வேறொன்று. அம்மாவுக்கு விளங்கப்படுத்தத்தான் கஷ்டம். கடைசியில் வங்கி உலாவிக்குப் பச்சை நிறத் தீம் போட்டுக் கொடுத்தேன். "பச்சையில வங்கி மட்டும்" என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

#19 பச்சைமிளகாய் | 13 ஜனவரி, மதியம் 2.25

இவ்வளவு பாடு எதற்கு? மரியாதையாக அந்தத் தளக்காரர்களை ஜாவா இல்லாமல் செய்யச் சொல்ல வேண்டியதுதானே? நம்மைக் கதவைப் பூட்டச் சொல்கிறீர்கள், கதவைத் திறந்து வைக்காவிட்டால் உள்ளே விட மாட்டேன் என்பவனை யாரும் கேட்பதில்லை.

#20 அரைப்புள்ளி | 13 ஜனவரி, மதியம் 3.05

முதல் தடவையாக மிளகாயோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் அவர்கள் பக்கமும் பாருங்கள். வெறும் இணையப் பக்கத்தால் யூஎஸ்பியில் செருகியிருக்கும் டோக்கனைத் தொட முடியாது. பிரவுசர் விடாது, விடவும் கூடாது. தொட வேண்டுமென்றால் ஐ.ஈ-க்கு மட்டும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் என்ற நுட்பம், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஜாவா ஆப்லெட். இந்தத் தளங்களைக் கட்டிய காலத்தில் ஜாவா என்பது இரண்டில் நல்ல முடிவு. நாம் திட்டும் இதே ஆப்லெட், அப்போது பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்தது. ஜாவாவையே தொடாமல், கணினியில் தனியாக ஒரு சின்ன நிரலை நிறுவி அதன் வழியாகக் கையொப்பம் போட வைக்கலாம். செய்ய ஆள் வேண்டும், காசு வேண்டும், டெண்டர் விட வேண்டும். அந்த டெண்டரும் அதே தளத்தில்தான் வரும்.

#21 குறிச்சிக்காரர் | 14 ஜனவரி, காலை 11.50

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள். பையன் லீவுக்கு வந்திருக்கிறான். பானை பொங்கி இறக்குவதற்குள் "அப்பா, அப்டேட் 11 வந்துவிட்டது" என்று லேப்டாப்போடு அடுப்படிக்கே வந்துவிட்டான். அவன் அம்மா இரண்டு பேரையும் விரட்டிவிட்டாள்.

இனி போடலாமா? போட்டால் எல்லாம் சரியா?

#22 கம்பிவலை | 14 ஜனவரி, மாலை 5.40

வாழ்த்துகள் அண்ணே. போடுங்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஆரக்கிள் வெளியிட்டது, நமக்கு இன்று விடிகாலை. ஓட்டையை அடைத்ததோடு, பாதுகாப்பு நிலையை மீடியத்திலிருந்து ஹைக்கு ஏற்றியிருக்கிறார்கள். கையொப்பம் இல்லாத ஆப்லெட் இனி கேட்காமல் ஓடாது, ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்கும். யாராவது "தொல்லையாக இருக்கிறது" என்று அதைக் கீழே இறக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

நிறுவும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு திரையில் ஆஸ்க் டூல்பாருக்கு ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு மேலே போங்கள். பாதுகாப்பு அப்டேட்டோடு டூல்பாரை ஒட்டி அனுப்புகிற கம்பெனியை என்னவென்று சொல்வது.

எல்லாம் சரியா என்றால், இல்லை. இந்த அப்டேட்டுக்குப் பிறகும், அவசியம் இல்லாதவர்கள் அணைத்தே வையுங்கள் என்றுதான் யூஎஸ்-செர்ட் சொல்கிறது. பிரவுசரைப் பிரிக்கிற ஏற்பாட்டைக் கைவிடாதீர்கள்.

இன்னொன்று. முதலில் ஒரு கணினியில் மட்டும் அப்டேட் 11. மற்றதில் கை வைக்க வேண்டாம். டெண்டருக்கு முன்னால் ஒருநாள் டோக்கனைச் செருகி உள்ளே போய்ப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பழைய கணினி கையில் இருக்கும், ஆனால் அதில் மெயில் பேப்பர் எதுவும் கூடாது.

#23 ஓய்வூதியன் | 15 ஜனவரி, காலை 9.00

எனக்கு எந்தத் தளத்துக்கும் ஜாவா வேண்டாம் என்று இப்போதுதான் புரிந்தது. பேரன் கேட்டான், "தாத்தா, இதை யார் போட்டது?" என்று. தெரியவில்லை. கணினி வாங்கிய கடைக்காரர் போட்டிருப்பார். முழுக்க எடுத்துவிட்டேன். மூன்று நாளாக ஒரு குறையும் இல்லை.

#24 குறிச்சிக்காரர் | 16 ஜனவரி, இரவு 8.30

காணும் பொங்கலுக்கு எல்லாரும் வெளியே போக, நானும் பையனும் அலுவலகத்தைத் திறந்தோம். நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸில் நாற்பது நிமிடம்.

முதல் கணினியில் மிச்சமிருந்த ஜாவா 6, ஜாவா 7 அப்டேட் 9 இரண்டையும் எடுத்துவிட்டு அப்டேட் 11 போட்டோம். டூல்பார் டிக் இருந்தது, எடுத்தோம். பிறகு ஐ.ஈ திறந்து, டோக்கனைச் செருகி, டெண்டர் தளம். முதல் தடவை வெள்ளைப் பெட்டி மட்டும் வந்து நின்றது. வயிறு கலங்கிவிட்டது. பையன் பின்னால் மறைந்திருந்த ஒரு சின்னச் சாளரத்தைக் கண்டுபிடித்தான், "இந்த நிரலை ஓட்டவா?" என்று அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ரன் அழுத்தியதும் பின் நம்பர் கேட்டது, சான்றிதழில் என் பெயர் வந்தது, உள்ளே போயிற்று. 6-லேயே இருக்கச் சொன்ன அதே தளம்தான். உதவி எண்ணில் சொன்னதைக் கேட்டு சில மாதம் சும்மா பயந்திருக்கிறேன்.

#25 தாமிரபரணி_நெட் | 17 ஜனவரி, காலை 11.10

புதுச் செய்தி பார்த்தீர்களா? அப்டேட் 11 வந்து ஒருநாள்கூட ஆகும் முன்பே இன்னொரு ஜாவா ஓட்டையைக் கள்ளச்சந்தையில் 5,000 டாலருக்கு விற்க ஒருவன் விளம்பரம் போட்டிருக்கிறானாம். கடையில் யாராவது ஜாவா கேட்டால் இனி என் லேப்டாப்பும் கிடையாது.

#26 குறிச்சிக்காரர் | 18 ஜனவரி, மாலை 4.10

மதியம் 1.35-க்கு டெண்டர் ஏறிவிட்டது. ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துப் பார்ட்டி கையில் கொடுத்தாயிற்று.

எங்கள் பெண்ணுக்குத்தான் வருத்தம். "டெண்டர் மட்டும்" ஐகானைத் தொடக் கூடாது என்றதும், "அப்ப நான் பேப்பர் எதுல சார் படிக்கிறது?" என்றாள். பயர்பாக்ஸின் நரி படத்தைக் காட்டினேன். இரண்டு நாளில் பழகிவிட்டாள். அதில் தமிழ் எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று இப்போது அவளே சொல்கிறாள். இரண்டாவது கணினியிலும் திங்கட்கிழமை இதே ஏற்பாடுதான்.

#27 பச்சைமிளகாய் | 18 ஜனவரி, மாலை 4.30

வாழ்த்துகள் அண்ணே. ரகசியமாக ஒன்று: நானும் அணைத்துவிட்டேன். வத்தக்குழம்பு உதாரணம் தூங்கவிடவில்லை.

#28 குறிச்சிக்காரர் | 2 பிப்ரவரி, காலை 10.05

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். கோப்பைப் படம் திரும்ப வந்திருக்கிறது. மஞ்சள் பலூன். அப்டேட் 13 என்கிறது. 11 போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. நடுவில் 12 என்று ஒன்று வந்ததா? போடவா?

#29 கம்பிவலை | 2 பிப்ரவரி, காலை 10.20

12-ஐத் தேடாதீர்கள், கண்ணில் படவில்லை. இந்த 13-ஐ 19-ஆம் தேதி விடுவதாக இருந்தார்கள், தாக்குதல் நடப்பதால் நேற்றே விட்டுவிட்டார்கள். மொத்தம் 50 ஓட்டை அடைத்திருக்கிறார்கள். போடுங்கள். டூல்பார் டிக்.

#30 குறிச்சிக்காரர் | 2 பிப்ரவரி, காலை 10.45

எடுத்துவிட்டேன்.